உதட்டுக்குப் பின்னால் வரும் சத்தம்

கறுப்பு வயரின் நுனியில் கடுகளவு சிவப்பு வெளிச்சம், ஹோம் தியேட்டர் ரிசீவரிலிருந்து பிடுங்கிய அந்த நுனியை உள்ளங்கைக்கு நேரே பிடித்துக்கொண்டு, பாத்தியா, டிவியிலருந்து சத்தம் இதுவரைக்கும் வந்துட்டு, இதுக்கு மேலதான் எங்கயோ நின்னுபோவுது என்கிறார் ஞானசிகாமணி, தங்கபுஷ்பம் அடுக்களை வாசலில் ஈரக்கையோடு நின்று கணவரின் கைரேகையில் விழுந்த அந்தச் சிவப்பைப் பார்க்கிறாள், சத்தம் வெளிச்சமாகி வயருக்குள் ஓடும் என்பதை அவளால் நம்ப முடியவில்லை, அவர் அதைத் திரும்பச் செருகியதும் ஐந்து ஸ்பீக்கரும் ஒன்றாக விழித்துக்கொள்கின்றன, படத்தில் ஒரு பெண் தன் அண்ணனிடம் நான் போறேன் என்று மெதுவாகச் சொல்வது தங்கபுஷ்பத்தின் காதுக்குள் சொன்னதுபோல் கேட்கிறது, அவரோ நெற்றியைச் சுருக்கி, பாட்டு வந்தா சுவரு அதிருது, பேசுனா மட்டும் தண்ணிக்குள்ள இருந்து பேசுத மாதிரி இருக்கு, வாய் ஒரு பக்கம் போவுது, சத்தம் ஒரு பக்கம் போவுது என்கிறார்.

தூத்துக்குடியில் நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வாரமே அவர் வாங்கிவந்த சாமான் இது, ஆயுசு பூரா மிஷினு பேசுததத்தான் கேட்டேன், இனி மனுசன் பேசுதத ஒழுங்கா கேக்கணும் என்று சொல்லிக்கொண்டே அட்டைப்பெட்டியைப் பிரித்தார், அந்த மிஷின்களை அவளும் ஒருமுறை கேட்டிருக்கிறாள், கல்யாணமான புதிதில் ஓர் ஆயுத பூஜைக்குக் குடும்பத்தாரை உள்ளே விட்டார்கள், பூஜை முடிந்து மிஷின்களை ஓடவிட்டதும் அவள் காதைப் பொத்திக்கொண்டு அழாத குறையாக நின்றாள், வரிசையின் அந்தக் கோடியிலிருந்து அவர் உதட்டை மட்டும் அசைத்தார், பயப்படாத, இங்க எல்லாரும் இப்படித்தான் பேசுவோம், அது அவளுக்கு எப்படியோ புரிந்துவிட்டது, அப்புறம் மாமியார் வீட்டுக் கூட்டத்துக்கு நடுவிலும் அவர்கள் அப்படியே பேசினார்கள், யாருக்கும் கேட்காமல், சாப்பிட்டியா, சாப்பிட்டேன், மொட்டை மாடிக்கு வாரியா, அவர் அவளுடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பார், அவள் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பினால் திருப்பாத என்பார், பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, வெளியூர் போன பிறகும் இவருக்கு இந்த ஆசை மட்டும் குறையவில்லையே என்று நினைத்திருந்தாள், எந்த வருஷத்திலிருந்து அது ஆசையாக இல்லாமல் போயிற்று என்று இப்போது எண்ணிப்பார்த்தாலும் பிடிபடவில்லை. முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டால் பதில் வராது, மில்லில் மேஸ்திரி ஆன திமிர் என்று எண்ணி நாள்கணக்கில் முகம் கொடுக்காமல் இருந்திருக்கிறாள், அந்த நாட்களில் அவரும் ஒரு வார்த்தை புரியாமல்தான் இருந்திருப்பார்.

அவர் காது விஷயம் தெரிந்தது ஒரு மத்தியானம், டிவிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து அவர் வயர் மாற்றுகிறார், டிவி ஓடவில்லை, மின்விசிறிச் சத்தம் மட்டும், இங்கேருங்க, காப்பி என்கிறாள், அசைவில்லை, சத்தமாகச் சொல்கிறாள், அப்போதும் இல்லை, என்ன நினைத்தாளோ, பிறந்ததிலிருந்து வாயால் சொல்லியிராத பெயரை, கல்யாணத்தன்று கோயிலில் பாஸ்டர் கேட்டபோதுகூட அண்ணனை விட்டுச் சொல்லவைத்த பெயரை, ஞானசிகாமணி என்று கூப்பிட்டாள். அவர் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை கூப்பிட்டாள், இந்த முறை ஒரு திருட்டுச் சந்தோஷத்தோடு, மூன்றாவது தடவை பாதிப் பெயரோடு நிறுத்திக்கொண்டாள். எழுந்து திரும்பியவர் அவளைக் கண்டு, எப்ப வந்த, என்ன என்றார், காப்பி என்று உதட்டை அசைத்தாள், ஆங், கொண்டா என்றார்.

அதே தெருவில் அதே மில்லில் இருந்தவர்கள் வீட்டிலெல்லாம் டிவி அலறுவது ஏன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது, மூன்றாம் வீட்டு எஸ்தர் அக்காவிடம் போய்க் கேட்டாள், எங்க வீட்டுக்காரருக்குக் காதுல மிஷினு வச்சுப் பாத்தாச்சு புஷ்பம், வெறும் இரைச்சல்தான் கூடுதுன்னு கழட்டிப் போட்டுட்டாவ, செத்த நரம்பு முளைக்காதாம், டாக்டர் சொல்லிட்டாரு. சினிமாவில் நடிக்கிற பெண்களுக்கு வேறு யாரோ குரல் கொடுக்கிறார்கள், உதடு ஒரு பாஷை பேச, சத்தம் தமிழ் பேசுகிறது, உதட்டை நம்பியே இத்தனை காலம் ஓட்டிய இவர் அங்கே என்ன செய்வார் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

அவர் மெக்கானிக்கைக் கூட்டிவந்துவிட்டார். சேவியர் என்று பெயர், நடுவயதுக்காரர், டிவி செட்டிங்கில் போய்ப் பார்த்தார், பழைய வயரை எடுத்துவிட்டு எச்டிஎம்ஐ வயர் போட்டார், ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் தனித்தனியே சத்தம் விட்டார், படத்துக்குச் சத்தம் பிந்தாமல் இருக்கத் திரையில் தெரிந்த எண்ணைக் கூட்டிக் குறைத்தார், கடைசியில் செய்தி வைத்து, அண்ணாச்சி, பேச்சு தெளிவா கேக்குதே என்றார், ஞானசிகாமணி இல்லை என்று தலையாட்டினார், சேவியர் அவள் பக்கம் திரும்பி, அக்கா, ஒங்களுக்குக் கேக்குதா என்றார். கணவரின் கண்கள் அவளுடைய உதட்டுக்கு வந்து நின்றன, அத்தனை காலமும் அவள் கண்டிராத பயம் அந்தக் கண்களில் இருந்தது, செய்தி வாசிக்கிறவள் தென்மாவட்டங்களில் மழை என்று சொல்லிக்கொண்டிருந்தாள், தங்கபுஷ்பம், இல்ல, எனக்கும் கேக்கல்ல என்றாள். சேவியர் அவளையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார், கொஞ்ச நேரம் ஸ்குரூ டிரைவரைத் துடைத்தார், அப்ப உள்ள போர்டுல ஏதோ கோளாறா இருக்கும் என்று சொல்லிப் புறப்பட்டார். பாத்தியா, நான் சொன்னேம்லா, சாமான்லதான் கோளாறு என்று ஞானசிகாமணி சிரித்தார், இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு அவளும் செவிடி ஆனாள். பக்கத்தில் உட்கார்ந்து, ஒண்ணும் கேக்கல்ல என்று அவ்வப்போது சொல்ல வேண்டும், அழுகைக் காட்சியில் கண் கலங்கக் கூடாது, அவர் புது வயர் வாங்கிவந்து போடுவார், இப்ப, இல்ல, இப்ப, இல்லங்க, அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து வந்து ஏதோ நகைச்சுவைப் படம், ஒரு வீட்டின் மூடிய கதவு மட்டும் தெரிகிறது, ஆள் யாரும் இல்லை, கதவுக்கு உள்ளேயிருந்து கடன்காரனுக்குப் பயந்த ஒருவனுடைய குரல், வீட்டுல யாரும் இல்ல, நானும் இல்ல என்கிறது, தங்கபுஷ்பத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாயைப் பொத்துமுன் வெளியே வந்துவிட்டது.

அவர் மெல்லத் திரும்பினார், திரையைப் பார்த்தார், கதவுதான் இருந்தது, வாசிக்க உதடு எதுவும் இல்லை, பிறகு அவளுடைய கையை, அந்தக் கைக்குப் பின்னால் இருந்த வாயைப் பார்த்தார். டிவியை நிறுத்தினார். ஒனக்கு எப்ப தெரியும் என்று கேட்டார், குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, அவள் கையை எடுத்துவிட்டுப் பதில் சொல்ல வாய் திறக்கையில் அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார், அவள் சொன்னாள், எல்லாவற்றையும் சொன்னாள், அந்த மத்தியானத்திலிருந்து, அதற்கும் முன்னால் மாமியார் வீட்டிலிருந்து, சொல்லிமுடிக்கும்வரை அவர் திரும்பவே இல்லை.