ஷைனி மட்டும் பின்வாங்கவில்லை

அன்று குழந்தைகள் காப்பகம் விடுமுறை. ஜெபராணி தன் நாலு வயது மகள் ஷைனியை ஏரிக் கணக்கு அலுவலகத்துக்கே கூட்டி வந்துவிட்டாள். ஊழியர்களையும் கணக்கில் வரும் மாறும் அளவுகளையும் தவிர வேறு யாருக்கும் அனுமதி இல்லை என்று வாசலில் காவலர் மறித்தார். அதனாலென்ன, ஷைனியை மாறும் அளவாகப் பதிந்துகொண்டார்கள்.

ஏரித் தண்ணீர் எந்த நேரத்தில் எந்த வேகத்தில் ஏறும், இறங்கும் என்பதை ஒரு வகைக்கெழுச் சமன்பாடு சொல்லும். நேரத்தை அடியடியாக முன்னே நகர்த்தி அதைத் தீர்க்கும் புரோகிராம் ஜெபராணி எழுதியது. மழை இல்லாததால் வரத்து என்ற இடம் காலியாகக் கிடந்தது. அங்கே ஷைனியின் வயதைப் போட்டு ஓட விட்டார்கள்.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது ஷைனிக்கு ஒன்பது வயது. கவுன் தோளில் கிழிந்திருந்தது. வளர்ற பிள்ளைதானே என்று சொல்லிவிட்டு எதிர் மேஜை சற்குணம் ஊறுகாய் கேட்டார்.

புரோகிராமை நிறுத்தச் சொல்லி ஜெபராணி அதிகாரி பொன்னுரங்கத்திடம் ஓடினாள். நிறுத்தினால் ஏரியும் நின்றுவிடும், நின்ற ஏரிக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார் அவர். ஓட ஓடத் திருத்திக்கொள்ள ஆட்சேபணை இல்லையாம். நல்ல மனுஷன்.

வரி வரியாகப் பார்த்தாள். அந்தப் புரோகிராம் சரியான பயந்தாங்கொள்ளி. ஓர் அடி முன்னே வைத்துப் பார்க்கும். கணக்கு உதைத்தால் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். அந்த அடி நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். சுவர்க் கடிகாரம் பின்னே போகும், ஏரி பின்னே போகும், சற்குணம் தின்ற ஊறுகாய் பாட்டிலுக்குத் திரும்பும். ஷைனி மட்டும் திரும்பவில்லை. ஒவ்வோர் அடிக்கும் வயதைக் கூட்டச் சொல்லி எழுதியிருந்த மகராசி, அடி பின்வாங்கினால் குறைக்கச் சொல்லி எழுதவில்லை. வேறு யார், ஜெபராணியேதான்.

வயது ஏற ஏற வரத்து ஏறியது. வரத்து ஏற ஏறப் புரோகிராம் இன்னும் பயந்தது. மணி மூன்றேகாலைத் தாண்டவே இல்லை. அந்த மூன்றேகாலுக்குள் ஷைனி பத்தாவது எழுதினாள், மஞ்சள் காமாலையில் கிடந்து எழுந்தாள், அம்மாவோடு சண்டை போட்டு ஒரு வருஷம் பேசாமல் இருந்தாள், பிறகு அவளே வந்து பேசினாள். யாரோ கொடுத்த சுடிதாரைப் போட்டுக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து திரையை வாசித்தாள். முகம் அப்படியே ஜெபராணியின் முகம்.

திருத்தம் ஒரே வரிதான். வயதைக் கூட்டிக்கொண்டே போகாமல், மணி என்னவோ அதற்குரிய வயதைக் கேட்டு வாங்க வேண்டும். ஜெபராணி அந்த வரியை அடித்து முடித்தாள். இனிப் பொத்தானை அமுக்க வேண்டியதுதான், அமுக்கவில்லை.

"ம்மா, இந்த வரியப் போட்டா எனக்கு எத்தன வயசாவும்?"

"நாலு."

"அப்ப நான் எங்க போவேன்?"

கடிகாரம் மறுபடி பின்னே போனது. ஷைனிக்கு முப்பது. ஜெபராணிக்கு முப்பத்தொன்று. அதற்கு மேல் எத்தனை அடி, எத்தனை வயது என்று கணக்கே இல்லை. இவளையும் விட மனசில்லை. பாவி மனசு, நாலு வயதுக்காரியும் இவளும் இரண்டு பேரும் வேண்டும் என்றது.

"அமுக்கும்மா," என்றாள் ஷைனி. "இன்னொரு தடவ பின்னால போனா நான் உனக்கே மூத்தவளாயிருவேன். நீ காலையில கூட்டிட்டு வந்தது என்னைய இல்ல."

அம்மாவின் விரலைப் பிடித்து அவளே அமுக்கினாள்.

மணி மூன்றேகாலைத் தாண்டியது. பொன்னுரங்கம் எட்டிப் பார்த்து, நீர்மட்டம் சரியாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார். பக்கத்து நாற்காலியில் பெரிய சுடிதாருக்குள் நாலு வயது ஷைனி உட்கார்ந்திருந்தாள். ஜெபராணி அவளை அள்ளி மடியில் வைத்துக்கொண்டு, பெற்று வளர்த்த மகளைப் பறிகொடுத்தவளாக வாய்விட்டு அழுதாள்.

ஷைனி அம்மாவின் கன்னத்தை இரண்டு கையாலும் துடைத்தாள்.

"உன்ன யாரும்மா அடிச்சா?"

யாருமில்லை என்றாள் ஜெபராணி.