இருநூற்றுப் பதினான்காம் டோக்கன்

"இன்னிக்காவது மறக்காம டோக்கன மாத்துங்க" என்றாள் அவள், ஜன்னலுக்குள் உட்கார்ந்தபடி.

வெளியே நின்றவர் அவளுடைய கணவர். இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியும், அந்த ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது அவரை மற்றவர்களிடமிருந்து பிரித்தெடுக்க அவளுக்கு ஒரு கணம் பிடிக்கும். ஜன்னலில் தெரிவது நெஞ்சுவரைதான்: நீலச் சட்டை, தலையில் ஹெல்மெட், தோளில் பச்சைத் துண்டு. துண்டு கம்பெனி கொடுத்தது. காலை ஷிப்டில் சுரங்கத்துக்குள் இறங்கும் இருநூற்று நாற்பது பேருக்கும் அதே பச்சை. எடுப்பது தங்கம் என்று பேர்தான். ஒரு லாரி கல்லை அரைத்தால் ஒரு ஜோடி தோட்டுக்குத் தேறினால் பெரிய விஷயம். அந்தத் தங்கத்தை அவரும் கண்ணால் பார்த்ததில்லை, அவளும் பார்த்ததில்லை. இருவரும் பார்த்ததெல்லாம் கல்தூசி, அதுவும் அவர் சட்டையை ஊறவைத்த வாளியில்.

ஜன்னலை ஒட்டி வெளிச்சுவரில் ஒரு பலகை. பாதி சிவப்பு, பாதி பச்சை. ஒவ்வொரு ஆளுக்கும் இந்தப் பக்கம் ஓர் ஆணி, அந்தப் பக்கம் ஓர் ஆணி, எண் அடித்த ஒரு பித்தளை டோக்கன். கீழே இறங்கும்போது டோக்கனைச் சிவப்பில் மாட்ட வேண்டும், ஏறி வந்ததும் பச்சைக்கு மாற்ற வேண்டும். அவனவன் டோக்கனை அவனவன் கைதான் தொட வேண்டும். எல்லாம் பச்சைக்கு வந்துவிட்டதென்று அவள் சீட்டில் கையெழுத்துப் போட்டால்தான் மூன்று மணிக்கு உள்ளே வெடி வைப்பார்கள். ஒன்றே ஒன்று சிவப்பில் தொங்கினாலும் வெடி நிற்கும். வெடி நின்றால் அடுத்த ஷிப்டுக்கு அள்ளக் கல் இருக்காது. ஒன்பது வருஷமாக அவளுக்கு இதுதான் வேலை. மேலுக்கு நோகாத வேலைதான், ஆனால் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கண்ணை மூடினால் பித்தளை பித்தளையாக வரும்.

இந்த மாதம் இரண்டு தடவை அவர் டோக்கனால் வெடி நின்றது. இரண்டு தடவையும் எல்லோரும் தேடி அலுத்த பிறகு குளியலறைக்குப் பின்னாலிருந்து ஈரத் தலையோடு வந்து நின்று, "மறந்துட்டேன்ப்பா" என்று தலையைச் சொறிந்தார். ஷிப்டு முடிந்து பஸ்ஸில் காத்திருந்தவர்கள் கூச்சல் போட்டார்கள். "பெரிசுக்கு வல்லாரை வாங்கிக் குடுங்கக்கா" என்று ஒருவன் அவளிடமே சொன்னான். போர்மன் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குக் கீழே வேலை பார்த்து மேலே போனவன் அவன். அவரை அண்ணன் என்றும் இவளை அண்ணி என்றும்தான் கூப்பிடுவான். "இன்னொரு தடவை ஆச்சுன்னா என் கையில இல்லண்ணி. கீழ எறக்க மாட்டாங்க" என்றான். கீழே இறங்காதவனுக்குக் குவார்ட்டர்ஸ் கிடையாது. சர்வீஸ் முடிய இன்னும் பதினான்கு மாதம். மகளுக்குப் பள்ளிக்கூடம் முடியவும் அதே கணக்கு. அதுவரை எப்படியாவது தள்ளிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் நினைப்பெல்லாம்.

அதனால்தான் காலையில் சொன்னாள்: "அப்படியே மறந்துட்டாலும் பரவால்ல. நானே மாத்திடறேன். யாருக்குத் தெரியப் போகுது?"

அவர் டோக்கனைச் சிவப்பில் மாட்டிவிட்டுத் திரும்பினார். முகம் கடுகடுவென்று ஆகியிருந்தது.

"நீ அதத் தொடாத."

"இல்ல, ஒரு பேச்சுக்கு..."

"என்ன ஆனாலும் சரி. நீ தொடாத."

பின்னால் நின்றவனுக்குக் கேட்டிருக்கும். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. உதவி செய்கிறேன் என்றால் இந்த ஆளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வருகிறது என்று நினைத்துக்கொண்டாள். ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டை நோக்கி அவர் போகும்போது வழியில் இரண்டு பேரிடம் நின்று பேசுவது தெரிந்தது. இப்போதெல்லாம் அப்படித்தான். வீட்டுக்குப் போகும் மேட்டுப்பாதையில் ஆள் மாற்றி ஆள் நிறுத்தி நலம் விசாரிப்பார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்றிருந்த மனுஷன், வயசான காலத்தில் இப்படி ஊர்க்கதை பேசுகிறாரே என்று அவள் மகளிடம் சொல்லிச் சிரித்ததுண்டு. மகள்தான் ஒரு நாள் கேட்டாள்: "அப்பா கேஸ் சிலிண்டர் வந்த தேதியெல்லாம் கரெக்டா சொல்றாரு. டோக்கன் மட்டும் எப்படிம்மா மறக்கும்?" கேட்ட கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு அவளுக்கு இடுப்பு விட்டுப் போயிருந்தது, உலையில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது, பதில் தேட நேரமில்லை.

மத்தியானம் ஒன்றே முக்காலிலிருந்து கூண்டு கூண்டாக ஆட்கள் ஏறி வந்தார்கள். பித்தளை ஆணியில் மோதும் சத்தம் ஒரு மணி நேரம் ஓயவில்லை. அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் ஒன்பது வருஷம் ஒன்றையே பார்த்தால் கண் திறந்திருக்கும், பார்வை இருக்காது. இரண்டே முக்காலுக்குப் பலகையை எண்ணினாள். சிவப்பில் ஒன்று. இருநூற்றுப் பதினான்கு.

அவளுக்குக் கோபம் வந்தது. படித்துப் படித்துச் சொன்னேனே! கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் பச்சைத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு குளியலறைப் பக்கம் போனார், அவளே பார்த்தாள். அந்தச் சாய்ந்த நடை அவருடையதுதான். போர்மன் அதற்குள் சீட்டுக்காக வந்துகொண்டிருந்தான்.

அவள் அடிக்கோலை எடுத்தாள். தொடாதே என்றாரே, தொடவில்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, கோல் நுனியில் டோக்கனைக் கோத்துத் தூக்கிப் பச்சை ஆணியில் விட்டாள். ஒரு நொடி வேலை.

"எல்லாரும் வந்தாச்சா அண்ணி?"

"வந்தாச்சு."

"சீக்கிரம் குடுங்க. கல்லு ஏத்துற தொட்டிக்குக் கயிறு மாத்துறாங்க, காலையிலேர்ந்து அந்தப் பக்கம் ஓடல. வெடியாவது நேரத்துக்குப் போகட்டும்." சீட்டை வாங்கிக்கொண்டு, பலகையில் இருநூற்றுப் பதினான்கை ஒரு பார்வை பார்த்தான். "அண்ணன் இன்னிக்கு மறக்கல போல" என்று சிரித்தான். அவளும் சிரித்துவைத்தாள்.

முதல் சங்கு ஊதியது. மூன்றாம் சங்குக்கு வெடி. பஸ் உறுமிக்கொண்டு கிளம்ப, அது மறைத்துக்கொண்டிருந்த குளியலறை வாசல் தெரிந்தது. காலையில் கம்பூட்ஸ் மாட்டும்போது கழற்றிவிடும் செருப்புகளுக்கு அங்கே ஒரு மரத்தட்டு உண்டு. ஆட்கள் போய்விட்டதால் தட்டு காலியாக இருந்தது. கீழ்த்தட்டில் மட்டும் ஒரு ஜோடி. இடது செருப்பின் வார் அறுந்து, மஞ்சள் வெடிக்கம்பியால் கட்டியிருந்தது. குவார்ட்டர்ஸில் கொடிக்கயிறு முதல் பள்ளிக்கூடப் பைவரை எல்லாவற்றையும் அந்தக் கம்பியால்தான் கட்டுவார்கள். ஆனால் இந்தக் கட்டு அவள் கட்டியது.

அவள் எழுந்து நின்றாள். இன்னும் குளிக்கிறாரா? குளியலறைக்காரன் தரையைக் கழுவிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தான். அப்படியானால் துண்டு போட்டுக்கொண்டு போனது யார்? இல்லை, அது இன்றைக்கா, நேற்றைக்கா?

அப்போதுதான் அந்த இரண்டு நாளும் அவள் கண்முன் வந்து நின்றன. தலை ஈரமாக இருந்தது. காதுக்குப் பின்னால் தூசி அப்படியே இருந்தது. சின்னப் பிள்ளை தேவலாம், குளிக்கிற லட்சணத்தைப் பார் என்று அவள் திட்டியிருந்தாள். அவர் குளிக்கவே இல்லை. குழாயில் தலையை மட்டும் காட்டிவிட்டு வந்திருக்கிறார். காலில் செருப்பு இருந்ததா, கம்பூட்ஸ் இருந்ததா என்று நெஞ்சுவரை தெரியும் ஜன்னலில் யார் கண்டார்கள்? நடக்க முடியவில்லை அவருக்கு. உட்கார்ந்து உட்கார்ந்து வருவதற்குள் கடைசிக் கூண்டு போய்விட, கல் ஏற்றும் தொட்டியில் திருட்டுத்தனமாக ஏறி அந்தப் பக்கமாக வந்திருக்கிறார். மேட்டில் ஆள் ஆளாக நிறுத்திப் பேசியது, ராத்திரியெல்லாம் தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்துகொண்டிருந்தது, எல்லாம் மூச்சுக்கு. மறதிக்காரன் என்றால் திட்டோடு போகும், மூச்சில்லாதவன் என்றால் வேலையே போகும். அதனால் மறதிக்காரனாகிவிட்டார். இரண்டு தடவையும் அந்த டோக்கன் பொய் சொல்லவில்லை.

தொட்டி இன்றைக்கு ஓடவில்லை. நீ தொடாத என்றாரே.

இரண்டாம் சங்கு ஊதியது. போனில் கை வைத்தாள். வைத்த கை ஒரு கணம் அப்படியே நின்றது. அந்தக் கணத்துக்காகப் பின்னால் அவள் தன்னை மன்னிக்கவே இல்லை. பதினான்கு மாதம், வீடு, மகள், எல்லாம் அந்த ஒரு கணத்தில் வந்து போயின. பிறகு எண்ணைச் சுழற்றினாள்.

வெடிக்காரரை எல்லோரும் 'மூணு மணி' என்றுதான் கூப்பிடுவார்கள். மூணு மணிதான் எடுத்தார்.

"அண்ணே, வெடி வைக்காதீங்க. உள்ள ஆள் இருக்கு."

"என்ன தங்கச்சி, சீட்டுல கையெழுத்துப் போட்டிருக்கியே?"

"பொய்க் கையெழுத்துண்ணே. நான்தான் டோக்கன மாத்தினேன். எங்க வீட்டுக்காரர் உள்ள இருக்காரு."

அந்தப் பக்கம் இரும்பில் இரும்பு உரசும் ஒலி.

"வெடிப்பெட்டி சாவிய எடுத்துட்டேன்" என்றார் மூணு மணி. "அழாத."

தான் அழுவது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அடிக்கோலைத் தேடினாள், கிடைக்கவில்லை. வெறும் கையால் டோக்கனை எடுத்துச் சிவப்பில் மாட்டிவிட்டு நாற்காலியில் விழுந்தாள்.

கூண்டு இறங்கிப் போர்மனோடு திரும்பி வர இருபது நிமிடம் ஆனது. அவர் கூண்டு நிற்கும் இடத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம், மேலே மணியடிக்கக்கூட எழுந்திருக்க முடியாமல். கூண்டிலிருந்து ஜன்னலுக்கு நாற்பது அடி இருக்கும். அவர் மூன்று தடவை நின்றார். நின்று பேச இப்போது யாருமில்லை, அதனால் சும்மா நின்றார். போர்மன் இரண்டு எட்டுப் பின்னால், பிடிக்கவும் பிடிக்காமல் விடவும் விடாமல் கையை நீட்டியபடி வந்தான். மூணு மணி சாவியோடு வந்து ஓரமாக நின்றார். அடுத்த ஷிப்டுக்கு வந்தவர்களும் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள், ஆனால் யாரும் கூச்சல் போடவில்லை.

அவர் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டார். அடைத்த குழாயில் தண்ணீர் வருவதுபோல நெஞ்சு சத்தம் போட்டது. காதுக்குப் பின்னால் தூசி.

"அதத் தொட்டியா?" என்றார்.

"தொட்டேன். அப்புறம் செருப்பப் பாத்தேன்."

அவர் தலையை ஆட்டினார். திட்டுவார் என்று நினைத்தாள், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் மாத்தட்டுமாண்ணே?" என்றான் போர்மன், மெதுவாக.

அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். ஒருமுறை பச்சைக்குப் போனால் இனி இந்த டோக்கன் சிவப்புக்கு வராது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

"மெதுவா" என்றாள் அவள். "யாரும் அவசரப்படுத்தல."

கட்டையை விட்டு எழுந்த அவர் கை, பலகைக்குப் போகும் வழியில் பாதியில் மூச்சுக்காக நின்றது. எல்லோரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.