துடைத்துப் போட்ட கணினி

அலுவலகத்தில் அவர் சாஃப்ட்வேர் எழுதினார்; வீட்டுக்கு வந்தும் அதையே எழுதினார். பதினைந்து வருடத்தில் ஆசைக்குச் செய்தவை ஏராளம். வெளியே மழை பெய்தால் திரையிலும் மழை காட்டும் படம் ஒன்று; ஜன்னல் இரண்டடி தள்ளித்தான் இருந்தது. செடிக்குத் தண்ணீர் ஊற்ற நினைவூட்டும் புரோகிராம் இன்னொன்று. அது நன்றாகவே ஓடியது, செடிதான் காய்ந்தது.

அத்தனையிலும் இன்னொருவர் பயன்படுத்தியது ஒன்றே ஒன்று. முன்னறையில் தையல்கடை வைத்திருக்கும் மனைவிக்கு, வாடிக்கையாளர்களின் அளவுகளைக் குறித்துவைக்க எழுதியது. “இந்தக் காலத்துல யாராவது நோட்டுல எழுதுவாங்களா?” என்று அவளுடைய அளவு நோட்டுகளைப் பழைய பேப்பரோடு போடவைத்தவரும் அவர்தான்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக் கணினியில் இருப்பதையெல்லாம் அழித்துத் துடைத்துப் புதிதாக அமைக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அந்த ஞாயிறு காலையும் துடைத்தார். எழுத்துரு, நிறம், மூலைக் கடிகாரம் எல்லாம் ‘அமைப்பு’ என்ற ஃபோல்டரில் பத்திரமாக இருந்தன. தினமும் மூன்று இடங்களில் அது தானாகவே நகலாகும். உள்ளே என்னென்ன இருக்கிறதென்று அவர் பார்த்தே வருடக்கணக்காகிறது.

நகலிலிருந்து அதைத் திரும்பப் போட்டதும் திரை பளிச்சென்று வந்தது. அளவு புரோகிராமைப் புதிதாகப் போட்டுத் திறந்தார். காலி. அளவுகள் சேரும் மனைவியின் ஃபோல்டரை இந்தத் தடவை எங்குமே நகலெடுக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

நானூறு பேரின் அளவுகள். பாதிப் பேர் ஊர் மாறிப்போய், போனிலேயே தைக்கச் சொல்கிறவர்கள். அலுவலகத்தில் ‘நகல் எடுத்தீங்களா?’ என்று எல்லோர் உயிரையும் வாங்குகிறவர் இவர். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்.

முன்னறைக்குப் போய் நின்றார். “உன் அளவெல்லாம் போச்சும்மா. நான்தான் அழிச்சிட்டேன்.”

தையல் மிஷின் நின்றது. “எங்க தேடினீங்க?”

“உன் ஃபோல்டர்லதான்.”

“அங்க ஏன் இருக்கப்போகுது? போன தடவை துடைச்சப்போ அளவை மட்டும் எடுத்து வச்சீங்க, என் டிசைன் படமெல்லாம் போச்சு. சொன்னேன். ‘அப்படியா’ன்னுட்டு கடிகாரத்துக்குக் கலர் மாத்திட்டு இருந்தீங்க. அன்னைக்கே அளவையெல்லாம் உங்க அமைப்பு ஃபோல்டருக்குள்ள மாத்திட்டேன். சேமிக்கிற இடத்தை மாத்துற வசதியும் நீங்க வச்சதுதானே!”

ஓடினார். கடிகாரத்துக்கும் நிறங்களுக்கும் நடுவில், ‘அளவு’ என்று ஒரு கோப்பு. நானூறு பேரும் இருந்தார்கள், கழுத்து, தோள், இடுப்பு என்று ஒரு அங்குலம் குறையாமல். அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். போன உயிர் திரும்பி வந்தது.

“இருக்கு! எல்லாம் இருக்கு!” என்று அங்கிருந்தே கத்தினார். “ஆனா அங்க வைக்கணும்னு உனக்கு எப்படித் தோணுச்சு?”

“இந்த வீட்டுல நீங்க தொலைக்கவே மாட்டீங்கன்னு எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்.”

மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. அவர் எழுந்து, தினமும் நகலாக வேண்டியவற்றின் பட்டியலைத் திறந்து, முதல் வரியில் அவள் ஃபோல்டரின் பெயரை எழுதினார்.