திங்கட்கிழமைப் புதினம்

முரசுமோட்டைக்கு நான் முதன்முதல் சைக்கிளில் போன நாளில் வீரகத்தி அண்ணை என்னைக் கண்டதும் கேட்டது இதுதான்: “பிள்ளை, வெளியிலை என்ன புதினம், என்ன நடக்குது?”

நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர் அவர். நெஞ்சுக்குக் கீழே உணர்வில்லை. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. படுக்கையில் கிடப்பவர்களை அவரவர் வீட்டிலேயே வைத்துப் பராமரிக்க உதவுவது என் வேலை. சண்டை ஓய்ந்து பாதை திறந்த பிறகு கிளிநொச்சியில் பயிற்சி தந்து பெண்பிள்ளைகள் எங்களைக் கிராமம் கிராமமாக அனுப்பியிருந்தார்கள்.

அண்ணையும் அவர் மனைவி விமலாக்காவும் நானும் இருந்து திட்டம் போட்டோம். புண் வராமல் எப்படிப் புரட்டுவது, சிறுநீர்க் குழாயை எப்படிச் சுத்தமாக வைப்பது, சாப்பாட்டில் எதைக் கூட்டுவது என்று எல்லாம் பேசி முடித்த பிறகு நான் கேட்டேன்.

“அக்கா, உங்களுக்கு என்ன வேணும்?”

“அதுதானே சொன்னனான், அவருக்குச் சோறு இறங்குதில்லை எண்டு.”

“அவருக்கில்லை. உங்களுக்கு.”

விமலாக்கா அண்ணையைப் பார்த்தார். எனக்குக் கோபமே வந்தது. அண்ணை விழுந்த பிறகு அந்த மனுசி கடைக்கும் கிணற்றுக்கும் தவிர வேலிப் படலையைத் தாண்டியதில்லை. அவரைப் பராமரிப்பவரும் படுத்துவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு மூட்ட ஆளில்லை. திங்கட்கிழமைகளில் நான் அண்ணையோடு இருப்பது, விமலாக்கா வெளியே போய் வருவது என்று திட்டத்தில் சேர்த்தேன். அவர் வேண்டாம் என்றார். நான் விடவில்லை.

முதல் திங்கட்கிழமை அவர் பக்கத்து வீட்டுத் தங்கம்மாவின் குசினியில் குந்தியிருந்து, வேலிக்கு மேலால் தன் வீட்டையே பார்த்துவிட்டுப் பின்னேரம் திரும்பி வந்தார்.

“என்ன புதினம்?” என்றார் அண்ணை.

“ஒண்டுமில்லை.”

அண்ணைக்கு வந்ததே கோபம்! “நான் இந்தக் கூரைக் கிடுகைப் பாத்துக்கொண்டு கிடக்கிறன். உனக்கு ஒரு நாள் கிடைச்சும் தங்கம்மான்ரை அடுப்பைப் பாத்திட்டு வந்து நிக்கிறாய். எதையாவது கண்டுகொண்டு வந்து சொல்லனப்பா!”

“ஏதாவது கட்டிச் சொல்லியிருக்கலாமே, அக்கா?” என்று நான் பகிடிக்குக் கேட்டேன்.

“காணாததை எப்பிடிப் பிள்ளை சொல்லுறது?”

அவருடைய குணம் அப்படி. இடுப்புப் புண் எப்படி இருக்கிறது என்று அண்ணை கேட்டால் நான் “மாறி வருது” என்பேன். விமலாக்கா குனிந்து பார்த்துவிட்டு, “நேற்றையிலும் பாக்கப் பெரிசு” என்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் நாளடைவில் அண்ணை புண்ணைப் பற்றி என்னிடம் கேட்பதையே விட்டுவிட்டார். மனைவியிடம்தான் கேட்பார்.

பிறகு விமலாக்கா மெல்ல மெல்ல வெளியே போகத் தொடங்கினார். ஒரு திங்கள் பரந்தன் சந்தி, இன்னொரு திங்கள் கிளிநொச்சிச் சந்தை. ஒருநாள் இரணைமடுக் குளக்கட்டு. கதை சொல்ல அவருக்குச் சுத்தமாக வராது. பஸ்ஸில் பக்கத்தில் யார் இருந்தார் என்பதில் தொடங்கி, ஒன்றையும் விடாமல் ஊர்ந்து ஊர்ந்து வருவார். எனக்குக் கொட்டாவி வரும். அண்ணை கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

“வாய்க்காலிலை தண்ணி எவ்வளவு?” இந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் வரும்.

“முழங்காலுக்கு.”

“அப்ப பயிர் தப்பும்,” என்று அண்ணை நிம்மதியாகத் தலையாட்டுவார்.

விமலாக்காவுக்கென்று நான் வைத்த ஓய்வு நாள் அண்ணையின் ஊர்சுற்றலாக மாறிவிட்டது. நானும் தடுக்கவில்லை. விமலாக்காவின் முகத்தில் கொஞ்சம் களை வந்திருந்தது. எனக்கு அது போதும்.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல் ஒரு திங்கட்கிழமை வந்தது. ஊரே ஐயாத்துரையின் உழவு இயந்திரத்தில் போகத் தயாரானது. பின்னேரமே திரும்பிவிடுவார்கள் என்றாலும் அவ்வளவு தூரம் போக விமலாக்காவுக்கு மனமில்லை.

“போ,” என்றார் அண்ணை. “அம்மாளைக் கண்டு எத்தினை வருசம்! வந்து எனக்கு ஒண்டும் விடாமல் சொல்லவேணும்.”

அன்று காலை அண்ணைக்கு உடம்பில் ஒரு வருத்தமும் இல்லை. பிட்டு நன்றாகச் சாப்பிட்டார். மத்தியானம் திடீரென்று மூச்சு இழுக்கத் தொடங்கியது. நான் அவரைச் சாய்த்து உயர்த்தி, தலையணைகளை முதுகுக்கு அண்டைகொடுத்தேன். தங்கம்மா தெருவுக்கு ஓடினார். ஊரில் வாகனமெல்லாம் கோயிலுக்குப் போய்விட்டது. யாரோ ஒருவரை மறித்து ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளில் அனுப்பினார். வாகனம் வந்தபோது அதற்கு வேலை இருக்கவில்லை.

அதற்கு முன்பே அண்ணையின் பார்வை கலங்கிவிட்டது. கை எதையோ தேடியது. நான் பிடித்துக்கொண்டேன்.

“விமலா, எங்கையடி போனனீ?”

நினைவு தடுமாறுகிறவருக்குப் பொய் சொல்லக்கூடாது, நீ யார் என்பதை மெதுவாகச் சொல் என்றுதான் எங்களுக்குப் படிப்பித்தார்கள். அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு என்னால் அது முடியவில்லை.

“இஞ்சைதான் நிக்கிறன். நான் எங்கையும் போகேல்லை,” என்றேன்.

அவருடைய பிடி தளர்ந்தது. முகம் ஆறியது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

பின்னேரம் உழவு இயந்திரம் வந்து நின்றது. படலையில் ஆட்களைக் கண்டதுமே விமலாக்காவுக்கு விளங்கிவிட்டது. வாழையிலையில் சுற்றிய பொங்கலோடு உள்ளே வந்தார். அதை அண்ணையின் தலைமாட்டில் வைத்தார். அழவில்லை.

“என்னைத் தேடினவரே?”

இந்தக் கேள்வி வரும் என்று மத்தியானத்திலிருந்து நான் பயந்துகொண்டிருந்தேன்.

“எங்கையடி போனனீ எண்டு கேட்டவர், அக்கா. நான்தான் உங்களைப் போலச் சொன்னனான், எங்கையும் போகேல்லை எண்டு. நீங்கள் பக்கத்திலை நிக்கிறீங்கள் எண்டு நினைச்சுத்தான் போனவர்.”

இது அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நம்பினேன். விமலாக்கா என் கையைப் பார்த்தார், அண்ணை பிடித்திருந்த கையை.

“அது பொய்யெல்லே, பிள்ளை,” என்றார். குரலில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியும். “நான் அவருக்கு ஒருநாளும் பொய் சொன்னதில்லை. கடைசியிலை நான் சொன்னதெண்டு ஒரு பொய்யை எல்லோ கொண்டு போயிட்டார்.”

நான் அந்தக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

தங்கம்மா ஒப்பாரியைத் தொடங்கினார். பெண்கள் தலைமயிரை விரித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். விமலாக்கா கையை உயர்த்தினார்.

“கொஞ்சம் பொறுங்கோ.”

எல்லோரும் அப்படியே நின்றார்கள். அவர் கட்டிலருகே இருந்து, அண்ணையின் காதடியில் குனிந்தார்.

“இஞ்சேருங்கோ, நான் இஞ்சை நிக்கேல்லை. வற்றாப்பளைக்குப் போனனான். இப்பதான் வாறன். பெட்டியிலை முன்பக்கம் இடம் கிடைச்சது. பக்கத்திலை வீரம்மா இருந்தவ. விசுவமடுவிலை நிப்பாட்டித் தண்ணி குடிச்சனாங்கள்…”

வெயில், கூட்டம், காவடி, செருப்பைத் தேடியது என்று ஒன்றையும் விடவில்லை. வழக்கம்போலவே ஊர்ந்து ஊர்ந்து சொன்னார். திரும்பி வந்த வழியைச் சொல்லும்போது வாய்க்காலடிக்கு வந்ததும் நிறுத்தினார். அந்த இடத்தில் அண்ணை ஒன்று கேட்பது வழக்கம். அவர் கொஞ்சம் காத்திருந்தார்.

“கணுக்காலுக்குத்தான்,” என்றார் பிறகு. “பயிர் தப்பாது.”