‘சோகம் இரண்டு’ நின்ற இடம்

நாற்பத்தொரு வயது வரை நிஷிவாக்கிக்கு ஒரு பாட்டைக்கூட முடிக்க வேண்டிய அவசியம் வரவில்லை.

ஒசாக்காவில் ஒரு வீடியோ கேம் கம்பெனியில் அவர் இசை போட்டுக்கொண்டிருந்தார். அந்த இசையைச் சின்னச் சிப்புக்குள் திணிக்கும் நிரலை நான் எழுதிக்கொண்டிருந்தேன். ஆடுகிறவன் குகைக்குள் எவ்வளவு நேரம் சுற்றுவான் என்று யாருக்கும் தெரியாது. அதனால் குகைக்கான இசை கடைசி வரிக்கு வந்ததும் முதல் வரிக்குத் திரும்பிவிடும். அவன் சாகும்வரை, அல்லது ஜெயிக்கும்வரை, அது சுற்றும். செத்தால் ஒரு ‘டொய்ங்’. ஜெயித்தால் ஒரு ‘டட்டடா’. மனித வாழ்க்கைக்கு இவ்வளவு போதும் என்பது எங்கள் முதலாளியின் கருத்து.

நிஷிவாக்கி தவளைகளுக்கு இசை போட்டார். நிஞ்ஜாக்களுக்குப் போட்டார். சுஷிக் கடை நடத்தும் ஒரு பன்றிக்கும் போட்டார். தவளை கேம் நாடு முழுக்க விற்றது. ஆனாலும் அவர் பெயர் யாருக்கும் தெரியாது. கேம் முடிவில் ஓடும் பெயர்களில் சொந்தப் பெயரைப் போட முதலாளி விடமாட்டார். போட்டிக் கம்பெனிக்காரன் ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடுவான் என்று பயம். அதனால் நிஷிவாக்கி ‘ஊறுகாய் மன்னன்’. நான் ‘கருவாடு’.

அப்படியும் ஒருத்தி கொத்திக்கொண்டு போனாள். டோக்கியோவில் அனிமே கார்ட்டூன் தொடர்களுக்கு ஒலி இயக்குநராக இருந்த மகாபே என்ற அம்மாள். அவருடைய மூன்று மகன்களும் தவளை கேம் பைத்தியங்கள். ஒருநாள் எங்கள் அலுவலகத்துக்கு போன் செய்து, “ஊறுகாய் மன்னன் இருக்காருங்களா?” என்று மிகுந்த மரியாதையோடு கேட்டாராம். ஒரு புதுத் தொடருக்கு இசை போட முடியுமா, நிஜ வயலின்காரர்கள் முப்பது பேருக்கு மேல் இருப்பார்கள் என்று சொன்னதும், நிஷிவாக்கி போனைப் பிடித்தபடியே எழுந்து நின்று குனிந்து வணங்கினார். எதிரில் இருந்தது காப்பி எந்திரம்தான்.

முதலாளி அவரைத் தடுக்கவில்லை. போனால் போனதுதான், தோற்றுப்போய் வந்தால் நாற்காலி இருக்காது என்றார். நிஷிவாக்கி ராஜினாமாவைக் கொடுத்த அன்றே முதலாளி அந்த நாற்காலியில் ஒரு பிரிண்டரை வைத்துவிட்டார். வீட்டுக் கடன், பள்ளிக்கூடம் போகும் மகன், இதெல்லாம் நிஷிவாக்கிக்கு அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்தது. இந்தத் தொடர் கைவிட்டுப் போனால் அவருக்குப் போக்கிடம் கிடையாது.

அனிமே இசையில் ஒரு வழக்கம் உண்டு. படம் வரைந்து முடிப்பதற்கு முன்பே இசையை மொத்தமாகப் பதிவு செய்துவிடுவார்கள். ஒலி இயக்குநர் சாப்பாட்டுக் கடை மாதிரி ஒரு மெனு அனுப்புவார். மகாபே அனுப்பியதில் ‘காலை’, ‘சந்தேகம்’, ‘பூனை’, ‘மகிழ்ச்சி ஒன்று’, ‘சோகம் ஒன்று’ என்று நாற்பது இருந்தன. ‘சோகம் இரண்டு’க்குப் பக்கத்தில் மட்டும் ‘இன்னும் கனமாக, அம்மா இதில்தான் சாகிறாள்’ என்று எழுதியிருந்தார். கதை, வெந்நீர் ஊற்று விடுதி நடத்தும் ஒரு குடும்பத்தைப் பற்றியது. அம்மா ஐந்தாவது வாரம் போய்ச் சேருவாள். மிச்சத் தொடரை அவள் மகள் இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

நிஷிவாக்கி நாற்பதையும் எழுதினார். தனியாக டோக்கியோ போகப் பயந்து, தாள எந்திரத்தை இயக்குவதற்கென்று என்னையும் அழைத்துப் போனார். நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். புல்லட் ரயிலில் அவர் மடியில் ஸ்டுடியோக்காரர்களுக்காக வாங்கிய பன்றி இறைச்சி பன்கள். அந்த வாசனையில் எங்கள் பெட்டியே எங்களை வெறுத்தது.

ஸ்டுடியோவில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாத்தியக்காரர்கள், இந்தப் பக்கம் நாங்கள். காலையில் காப்பிப் பொடி விளம்பரம் வாசித்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். எங்களை முடித்துவிட்டு ஒரு சாமுராய் நாடகத்துக்குப் போக வேண்டும். சுரங்கள் எழுதிய நோட்டை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பார்கள், பார்த்தவுடன் தப்பில்லாமல் வாசிப்பார்கள், அர்த்தம் கேட்கமாட்டார்கள். அவர்களுக்குத் தலைவர் ஒரிபே என்ற வயதான வயலின்காரர். நோட்டுக்கு அடியில் குதிரைப் பந்தயப் பத்திரிகை விரித்து வைத்திருந்தார்.

கஷ்டமானதை முதலில் முடித்துவிடலாம் என்று மகாபே ‘சோகம் இரண்டு’ கேட்டார். நான் பொத்தானை அழுத்தினேன். எல்லோருடைய ஹெட்போனிலும் தாள எந்திரத்தின் ‘டிக் டிக்’ ஓடியது. வயலின்கள் தொடங்கின.

நன்றாக இருந்தது. சிப்புக்குள் மூன்று குரலில் கீச்சிட்டுக்கொண்டிருந்த மனிதரிடமா இது இருந்தது என்று நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தார்.

இசை கடைசி வரிக்கு வந்தது. முதல் வரிக்குத் திரும்பியது. மகாபே தலையாட்டினார், இரண்டு முறை வர வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார். மூன்றாவது முறை திரும்பியபோது பதிவு செய்கிறவர் மகாபேயைப் பார்த்தார். மகாபே நிஷிவாக்கியைப் பார்த்தார். கண்ணை மூடியிருக்கும் ஒரு சென்செயை, அதாவது ஆசானை, தொட்டு எழுப்புவது மரியாதையில்லை. வாத்தியக்காரர்கள் ஒரிபேயைப் பார்த்தார்கள். ‘டிக் டிக்’ நிற்காமல் தான் நிறுத்துவது முறையல்ல என்று ஒரிபே வாசித்துக்கொண்டே இருந்தார். ‘டிக் டிக்’ என் கையில் இருந்தது. நிறுத்தச் சொல்லி நோட்டில் எதுவும் இல்லை. நான் என்ன செய்வேன்?

அம்மா செத்துக்கொண்டே இருந்தாள்.

பின்வரிசையில் செல்லோ வாசித்த பெண்ணுக்குச் சிரிப்பு வந்து தோள் குலுங்கியது. ஆனால் சுருதி தப்பவில்லை. கடைசியில் டேப் தீர்ந்துபோய், சக்கரத்தில் வால் படபடவென்று அடித்தது. டேப்புக்குத்தான் மரியாதை தெரியவில்லை. நான் எந்திரத்தை நிறுத்தினேன்.

மகாபே நிதானமாகக் கேட்டார். “சென்செய், இதுக்கு முடிவு எங்க இருக்கு?”

“எதுக்கு?” என்றார் நிஷிவாக்கி கண்ணைத் திறந்து.

“இந்தப் பாட்டுக்கு.”

“அதான் முதல் வரிக்குப் போகுதே.”

“போயி?”

“திரும்ப வரும்.”

மகாபே மிச்ச நோட்டுகளைப் புரட்டினார். “நாப்பதும் இப்படித்தானா?”

“பூனை மட்டும் கொஞ்சம் சீக்கிரமா திரும்பும்.”

நோட்டைப் பிரதி எடுத்தவரும் இதைக் கவனித்திருக்கிறார். ஏதோ ஆழமான விஷயம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாராம். பதிவு செய்கிறவர், கடைசியில் சத்தத்தை மெதுவாகக் குறைத்துவிடலாமே என்று யோசனை சொன்னார். மகாபே அவரை ஒரு பார்வை பார்த்தார். அம்மா சாகும்போது பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி தேய்ந்து போவாளா என்று கேட்டார். பிறகு நிஷிவாக்கியிடம், சாப்பாட்டு இடைவேளை முடிவதற்குள் முடிவுகள் வேண்டும், முதலில் ‘சோகம் இரண்டு’க்கு என்று சொல்லிவிட்டு போனை எடுத்தார்.

அவர் யாரைக் கூப்பிட்டார் என்பது சீக்கிரமே தெரிந்தது. சகாகி என்ற இசையமைப்பாளர் வந்து வரவேற்பறையில் உட்கார்ந்தார். சாம்பல் நிறக் கார்டிகன், தோல் பை. பைக்குள் எழுதி வைத்த சோகங்கள் இருந்தன. எல்லாவற்றுக்கும் முடிவு இருந்தது. எங்களைப் பார்த்துப் பரிதாபமாக வணங்கினார். மேஜையிலிருந்த பன் ஒன்றை எடுத்துக்கொள்ளலாமா என்று அனுமதி கேட்டார்.

நிஷிவாக்கி நடைபாதையில் காசு போட்டால் பானம் தரும் எந்திரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் எழுதினார், அழித்தார், எழுதினார். அந்த வழியாகப் பச்சைத் தேநீர் டின் வாங்க வந்த ஒரிபே குனிந்து தாளைப் பார்த்தார். வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்தார்.

“டட்டடா,” என்றார். “ஏன் சென்செய், அம்மா செத்ததுக்கு நூறு பாயின்ட் குடுக்கறீங்களா?”

நிஷிவாக்கி தாளைக் கையால் மறைத்துக்கொண்டார்.

“கூட ஒரு உயிர் குடுத்துட்டீங்கன்னா அவ பொழைச்சுக்குவா. கதையும் மிச்சம்.” ஒரிபே டின்னைத் திறந்தபடி போய்விட்டார்.

நிஷிவாக்கி தாளைக் கசக்கினார். அடுத்த தாளில் வந்தது ‘டொய்ங்’. அதையும் கசக்கினார். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எந்தப் பாட்டிலிருந்தாவது ஒரு முடிவைக் கடன் வாங்கினால் என்ன என்றேன். கல்யாண மண்டபத்தில் வாசிப்பார்களே, அந்த மாதிரி நீளமாக இழுத்து, தாழ்ந்து, ஒரு பெருமூச்சு.

“அது பொய், கருவாடு,” என்றார். பெயர் சொல்லி என்னைக் கூப்பிடும் பழக்கமே அவருக்கு இல்லை. “ஜெயிச்சவன் எங்க இருக்கான்? என் தவளையைக் கடைசி வரைக்கும் ஆடினவன் எத்தனை பேர் இருப்பான்? யாருமே என் பாட்டு முடிஞ்சு கேட்டதில்ல.”

“பின்ன ஆடறவங்க வீட்ல எப்படித்தான் நிக்குது?”

“என் வீட்ல எப்படி நிக்குது தெரியுமா? பையன் அசையவே மாட்டான். என் பொண்டாட்டி அடுப்படியிலேர்ந்து ரெண்டு தடவை கத்துவா. மூணாவது தடவை வந்து பிளக்கைப் புடுங்கிருவா. பாட்டு பாதியில செத்துப்போயிடும். பையன் வாயைப் பொளந்துட்டு கறுப்பு டிவியவே பார்த்துட்டு உக்காந்திருப்பான்.”

சொல்லிவிட்டு அவரே வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு தாள்களை அப்படியே போட்டுவிட்டு எழுந்து உள்ளே போனார். நான் பொறுக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

அவர் சொன்னதை மகாபே கை கட்டிக்கொண்டு கேட்டார். நோட்டில் ஒன்றும் மாற்றமில்லை. பாட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். ஹெட்போனில் ஒரு சத்தம் வந்ததும் எல்லோரும் எந்தச் சுரத்தில் இருந்தாலும் அங்கேயே நிறுத்த வேண்டும். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியக் கூடாது. ஒரு முறை பார்க்கிறேன் என்றார் மகாபே. அது பிடிக்கவில்லையென்றால் சகாகியை உள்ளே கூப்பிடுவேன் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

முதல் முயற்சி நாசமாய்ப் போனது. நிஷிவாக்கி மைக்கில், “மன்னிக்கணும், தயவு செஞ்சு, இப்ப கொஞ்சம் நிறுத்திக்கலாமா?” என்றார். வாத்தியக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக, ரயில் நிலையத்தில் இறங்குகிற மாதிரி நிறுத்தினார்கள். கடைசி வயலின் ‘நாம் மட்டும்தானா’ என்று கேட்டுவிட்டு நின்றது.

மகாபே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நிஷிவாக்கியின் கழுத்து சிவந்துவிட்டது. கதவுக் கண்ணாடி வழியாகச் சகாகியின் கார்டிகன் தெரிந்தது.

“நீங்க வீட்ல சமைக்கறதில்லைன்னு தெரியுது,” என்றார் மகாபே. “தள்ளுங்க.”

நாற்காலியை இழுத்து மைக்குக்கு முன்னால் போட்டுக்கொண்டார். இளவயதில் நாடக மேடையில் இருந்தவர். அப்புறம் மூன்று ஆண் பிள்ளைகளை வளர்த்தவர். என்னிடம் தொடங்கச் சொல்லிக் கண் காட்டினார்.

‘சோகம் இரண்டு’ ஒரு முறை முழுசாகப் போனது. திரும்பியது. இப்போது யாரும் குதிரைப் பந்தயம் பார்க்கவில்லை. எப்போது விழும் என்று தெரியாமல் ஒவ்வொரு வில்லும் கவனமாக இருந்தது. அந்தக் கவனத்தில் பாட்டே வேறு மாதிரி ஆகிவிட்டது. வயலின்கள் மேலே ஏறும் இடம் வந்தது. மகாபே காத்திருந்தார். இன்னும் ஏறியது. உச்சிக்கு ஒரு சுரம் இருக்கும்போது அவர் மைக்கில் வாயை வைத்தார்.

“சாப்பாடு!”

அத்தனை பேரும் ஒரே நொடியில் நின்றார்கள். ஒரிபேயின் வில் காற்றில் நின்றது. ஒரு காலத்தில் அத்தனை பேரும் குழந்தைகளாக இருந்திருக்கிறார்கள்.

வராத சுரத்துக்காக அறை காத்துக்கொண்டிருந்தது. சுவர்களில் மிச்சமிருந்த ஒலி அடங்கியது. காலையில் சிரித்த செல்லோப் பெண் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு எச்சில் விழுங்கக்கூடக் கூச்சமாக இருந்தது, சத்தம் கேட்டுவிடும்.

கண்ணாடிக்கு அப்பால் ஒரிபே மெதுவாக வில்லை இறக்கினார். பத்திரிகையை மடித்துக் காலடியில் வைத்தார். தன் மைக்கில், “இன்னொண்ணு எடுக்கணுமா?” என்று கேட்டார்.

“வேண்டாம்,” என்றார் மகாபே.

எழுந்து வரவேற்பறைக்குப் போனார். கதவு சரியாகச் சாத்தவில்லை. நாங்கள் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். இவ்வளவு தூரம் வரவைத்ததற்கு மன்னிப்புக் கேட்டார். சகாகி அதெல்லாம் ஒன்றுமில்லை என்றார். ஆனால் அந்தப் பாட்டில் ஏதோ தப்பாகிவிட்டதே, பாதியில் நின்றுவிட்டதே, தான் காத்திருந்து உதவட்டுமா என்றும் கேட்டார்.

“தப்பெல்லாம் இல்ல. அது அவ்வளவுதான்,” என்றார் மகாபே.

டாக்ஸி வந்து சகாகி ஏறிப்போகும்வரை வாசலில் நின்று குனிந்துவிட்டு உள்ளே வந்தார். நிஷிவாக்கி சுவரோரம் நின்றிருந்தார். உட்காரலாமா என்று தெரியவில்லை அவருக்கு.

“நிஷிவாக்கி,” என்றார் மகாபே. சென்செய் போய்விட்டது. “சும்மா நின்னுட்டிருந்தா எப்படி? இன்னும் முப்பத்தொன்பது இருக்கு. உக்காருங்க.”

அவர் உட்கார்ந்தார். பிரிண்டர் இல்லாத நாற்காலி. அதன் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அடுத்தது ‘மகிழ்ச்சி ஒன்று’. நான் பொத்தானை அழுத்தினேன். அது அவர் எழுதியதிலேயே துள்ளலானது. புல்லாங்குழல்கள் அப்போதுதான் உள்ளே வந்துகொண்டிருந்தன. மகாபே அதை இரண்டாவது வரியிலேயே வெட்டிவிட்டார்.

நிஷிவாக்கி திடுக்கிட்டுத் திரும்பினார். “அவ்வளவுதானா?”

“வேற எவ்வளவு எதிர்பார்த்தீங்க?” என்றார் மகாபே.