தாங்கி கையளிப்பு வைபவம்

கரம்பொன் சனசமூக நிலையத்தின் முன்வரிசைக் கதிரையில் அன்ரனிட்டா உட்கார்ந்திருந்தாள் என்று எழுதினால் பொய். உட்கார வைக்கப்பட்டிருந்தாள். எழும்ப முயன்றபோதெல்லாம் வங்கி உத்தியோகத்தர் துஷாந்தினி ஓடிவந்து தோளில் கைவைத்து அமர்த்தினாள்.

மேடையில் நீல ரிப்பன் கட்டிய தண்ணீர்த் தாங்கிகள் நின்றன. தனியார் வங்கி ஒன்றின் சமூகப் பொறுப்பு. போன வருடம் அரச வங்கி ஒன்று தன் சமூகப் பொறுப்பாக அன்ரனிட்டாவின் வீட்டு வளவில் தாங்கி வைப்பதற்கான சீமெந்துப் பீடத்தை மட்டும் கட்டி, அதில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் பொறித்துவிட்டுப் போயிருந்தது. இரண்டு பொறுப்புகளும் ஒரே படத்தில் விழக்கூடாதாம். புதுத் தாங்கியை அந்தப் பீடத்தில் ஏற்ற வேண்டாம் என்று அவளுக்கு ஏற்கெனவே சொல்லியாயிற்று.

ஆனாலும் தாங்கி வேண்டும். கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. சமைக்கவும் குடிக்கவும் பவுசர் லொறியில் வரும் தண்ணீர்தான். இன்று பவுசர் வரும் நாள். வீட்டில் குடம் காலி. கூட்டம் காட்டவென்று அந்த ஒழுங்கையில் குடியிருந்த சனம் முழுவதையும் மண்டபத்துக்குள் இருத்தியிருந்தார்கள்.

வெளியே ஹோர்ண் அடித்தது.

"பவுசர் வந்திட்டுதடி," என்றாள் பக்கத்துக் கதிரை நிமலினி. "உள்ள வர ஏலாம நிக்குது. இவையின்ர ஜீப் குறுக்க நிக்குது."

அன்ரனிட்டா துஷாந்தினியைக் கூப்பிட்டாள். "பிள்ளை, அந்த ஜீப்பை ஒருக்கா எடுக்கச் சொல்லும்."

"ஜீப் றைவர் மற்ற வானில மண்கும்பான் கடலுக்குக் குளிக்கப் போயிட்டார் அக்கா. ஜீப்பின்ர திறப்பும் அவரிட்டத்தான்."

"குளிக்கவோ? குடுத்து வைச்ச மனிசன்," என்றாள் நிமலினி.

"அப்ப நான் ஓடிப்போய் ஒரு குடம் பிடிச்சுக்கொண்டு வாறன்," என்றாள் அன்ரனிட்டா.

"எழும்பாதேங்கோ அக்கா! பேர் கூப்பிடேக்க ஆள் இல்லாட்டி உங்கட தாங்கி வேற ஆளுக்குப் போயிடும்."

போனால் தாங்கி இல்லை. இருந்தால் தண்ணீர் இல்லை. அன்ரனிட்டா இருந்தாள்.

பிராந்திய முகாமையாளர் ஜெகதீஸ் மைக்கைப் பிடித்து நெடுநேரமாகியிருந்தது. தண்ணீர்தான் தங்கள் வங்கியின் மூச்சு என்றார். தீவுப் பகுதியின் தாகத்தை நினைத்து இரவில் தனக்குத் தூக்கம் வருவதில்லை என்றார். பக்கத்தில் இருந்தவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஹோர்ண் மறுபடி அடித்தது. முகாமையாளருக்கு முகம் சுருங்கியது.

"வெளியில ஆரோ கரைச்சல் குடுக்கினம். திருப்பி அனுப்புங்கோ."

காவலாளி போனான். பவுசர் பின்பக்கமாக நகரும் சத்தம் மண்டபம் முழுவதும் கேட்டது. ஒருவரும் மூச்சுவிடவில்லை. அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு அவர் இன்னும் கொஞ்சம் பேசினார்.

பிறகு முதற்பெயராக அன்ரனிட்டாவைக் கூப்பிட்டார்கள். தாங்கியின் ஒரு பக்கத்தை அவள் பிடிக்க, மறுபக்கத்தை முகாமையாளர் பிடித்தார். படம் எடுத்தாயிற்று. துஷாந்தினி மைக்கை நீட்டி, "ரெண்டு வார்த்தை சொல்லுங்கோ. நன்றி எண்டு முடியுங்கோ," என்று காதுக்குள் சொன்னாள்.

பேசிப் பேசித் தொண்டை வறண்ட முகாமையாளர் கதிரையில் சாய்ந்து, மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகினார்.

"ஐயா, அதைக் குடியாதேங்கோ," என்றது ஒலிபெருக்கி.

அவருடைய கை அந்தரத்தில் நின்றது.

"மேசையில இருக்கிற ஒரு போத்தலையும் ஆரும் தொடாதேங்கோ. பவுசரைத் திருப்பி விட்டிட்டியள். எனக்கு உலை வைக்கோணும்."

துஷாந்தினி அவளுடைய முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா... நன்றி..."

"அவரை முதல் மூடியை இறுக்கச் சொல்லும் பிள்ளை. பிறகு சொல்லுறன்."