பொதுப்பாடம் பற்றி ஒருமித்த கருத்து

ஓவியக் கல்லூரியில் சிற்பம் மூன்றாம் ஆண்டு படித்த அந்தப் பெண்ணுக்கு உளி என்று பெயர் வைத்தவர்கள், அவள் கையில் இருந்த கருவியைப் பார்த்து வைக்கவில்லை. வாயைக் கேட்டு வைத்தார்கள். கல்லைச் செதுக்குவதில் அவள் ரொம்ப நிதானம். மனிதர்களைச் செதுக்குவதில்தான் வேகம்.

உலகத்தில் அவளுக்குப் பரம விரோதி என்று ஒன்று இருந்தால் அது பொதுப்பாடம். படம் வரையவும் சிலை செய்யவும் வந்த பிள்ளைகள் உலக ஞானம் இல்லாமல் போய்விடக் கூடாதே என்று யாரோ கவலைப்பட்டு, கணக்கு, அறிவியல், கட்டுரை மூன்றையும் எல்லாத் துறைக்கும் கட்டாயம் ஆக்கியிருந்தார்கள். எந்த வருஷத்தில் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் மூன்றிலும் தேறியாக வேண்டும். மற்ற இரண்டையும் உளி தட்டுத் தடுமாறித் தாண்டிவிட்டாள். கணக்கு மட்டும் முதல் வருஷத்திலிருந்து விடாமல் கூடவே வந்தது. ஒவ்வொரு வருஷமும் தேர்வில் கோட்டைவிட்டு, புதிதாக வந்த பிள்ளைகளோடு போய் உட்காருவாள். "அக்கா, இந்த வருஷமும் எங்ககூடத்தானா?" என்று அவர்கள் மரியாதையாகக் கேட்பதுதான் அவளுக்கு அதிகமாக உறுத்தியது.

அந்த நேரத்தில்தான் புதிதாக வந்த முதல்வர் ஒரு அறிவிப்பு ஒட்டினார். பொதுப்பாடங்கள் தொடர வேண்டுமா, வேண்டாமா என்று மாணவர்களின் கருத்தைக் கேட்கப் போகிறாராம். எல்லோர் சார்பிலும் ஒருவர் பேசினால் போதுமாம். யார் பேசுவது என்று யோசிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. கேன்டீனில் எல்லாத் தலையும் உளி பக்கம் திரும்பியது.

"கணக்கைத் தூக்கச் சொல்லு", "கட்டுரையைத் தூக்கச் சொல்லு" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். உளிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஆனாலும் காரியத்தை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று நினைத்தாள்.

"கூட்டமா கத்தினா எடுபடாது. ஒவ்வொருத்தரையும் நான் தனியா வந்து பாக்கறேன். மனசுல இருக்கறத சொல்லுங்க" என்றாள்.

அவள் செய்த தப்பு அதுதான்.

முதலில் அகப்பட்டவன் ஓவியத் துறையின் கும்பகர்ணன். தூரிகையைக் கீழே வைத்து, அக்கம் பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"எல்லாத்தையும் எடுக்கச் சொல்லு, நான் வேண்டாங்கல. அறிவியலை மட்டும் விட்டுடு."

"உனக்கு எப்போ அறிவியல் மேல ஆசை வந்துச்சு?"

"ஆசையும் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்தக் கல்லூரியிலேயே அந்த ஒரு ரூம்லதான் ஏசி இருக்கு. நான் சொன்னேன்னு சொல்லிடாத."

அடுத்து நெசவுத் துறைப் பெண், பட்டு. கேன்டீனில் எல்லோரையும்விட உரக்கக் கத்தியவள். இப்போது புடவைத் தலைப்பு நெய்துகொண்டிருந்த தறியை நிறுத்திவிட்டு அசடு வழிந்தாள். அச்சுக்கலைத் துறையில் அவளுக்கு ஒருவன் இருந்தான். அவன் துறை இந்தக் கோடி, இவள் துறை அந்தக் கோடி. எல்லாத் துறையும் கலந்து உட்காருவது பொதுப்பாடத்தில் மட்டும்தான்.

"கட்டுரை வகுப்பையும் எடுத்துட்டா நாங்க ரெண்டு பேரும் எங்க போய்ப் பாத்துக்கறது? நீயே சொல்லு" என்று கண் கலங்கினாள்.

கடைசியாக, கல்லூரியிலேயே நன்றாகப் படம் வரைகிற பெண்ணிடம் போனாள் உளி. இவளாவது நம் கட்சி என்ற நம்பிக்கையோடு போனாள்.

"ஓவிய சார் தினமும் என் படத்துக்கு முன்னாடி நின்னுட்டு, இதுல உன் வலி எங்கேன்னு கேக்கறார். எனக்கு வலியே இல்ல உளி. வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்க, வேளாவேளைக்குச் சோறு போடறாங்க. வலிக்கு நான் எங்க போவேன்? கணக்கு சார் என்னைக்காவது அப்படிக் கேட்டிருக்காரா? விடை சரியா, தப்பா, அவ்வளவுதான். அந்த ஒரு மணி நேரந்தான் எனக்கு நிம்மதி" என்றாள் அவள்.

உளி நொந்துபோய் வீட்டுக்கு வந்தாள். அவள் அண்ணன் பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்துகொடுக்கிற வேலையில் இருந்தான். சாப்பிடும்போது முழுக் கதையையும் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"அப்போ ஊருக்கெல்லாம் வேணும், உனக்கு ஒருத்திக்குத்தான் வேண்டாம்."

"வேண்டாம்னுதான் எல்லாரும் வெளியில சொல்றாங்க. நானும் அதையே சொல்லிடப் போறேன்."

"சொல்லு. நான் செய்யறதும் பொய்ப்பல்தான். பொருத்தமா இருந்தா யாரும் கேக்க மாட்டாங்க."

கூட்டத்தன்று பெரிய ஹாலில் உட்கார இடமில்லை. முதலில் கணக்கு சார் எழுந்தார். பாடத்தைக் காப்பாற்றப் பேசுவார் என்று எல்லோரும் நினைத்திருக்க, தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்று கும்பிட்டார். கணக்கு படிக்க ஆசைப்பட்டு வருகிற பிள்ளைகள் உள்ள கல்லூரிக்கு மாற்றல் கேட்டு அவர் வெகுநாளாக அலைந்துகொண்டிருந்தார். ஓவிய ஆசிரியர்களோ, பொதுப்பாடம் இல்லாவிட்டால் கலைஞன் முழுமை பெற மாட்டான் என்று மேசையைத் தட்டிப் பேசினார்கள். பிள்ளைகள் பொதுப்பாடத்துக்குப் போகிற நேரத்தில்தான் அவர்கள் தங்கள் சொந்தப் படங்களை வரைந்துகொண்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

உளியின் முறை வந்தது. வேண்டவே வேண்டாம் என்று வெளுத்துக் கட்டினாள். கைதட்டல் காதைப் பிளந்தது. கணக்கு சார் அவளைக் குலதெய்வத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அத்தோடு உட்கார்ந்திருந்தால் தப்பித்திருப்பாள். முதல்வர் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாரோட மனசுலயும் இதுதான் இருக்காம்மா?"

பிறந்ததிலிருந்து அந்த நாக்கு எதையும் உள்ளே வைத்துக்கொண்டதில்லை.

"இல்ல மேடம்" என்றாள் உளி. பிறகு நிறுத்த முடியவில்லை. யார் பெயரையும் சொல்லாமல், ஏசியைச் சொன்னாள், காதலைச் சொன்னாள், வலியில்லாத பெண்ணின் நிம்மதியைச் சொன்னாள். ஹால் முதலில் சிரித்தது. பிறகு மெல்ல அடங்கியது. இருந்தும் அவள் விடவில்லை. "எனக்கு மட்டும் நிஜமாவே வேண்டாம். எனக்குக் கணக்கு வரல" என்று முடித்தாள்.

முதல்வர் அசந்துபோனார். மாணவர்கள் இவ்வளவு மனம் திறந்து பேசி அவர் கேட்டதே இல்லையாம். கேட்டது வீண்போகக் கூடாது என்று உடனே நடவடிக்கையும் எடுத்தார். பொதுப்பாடங்கள் தொடரும். தூக்கத்துக்குக் காரணமான ஏசி முதல்வர் அறைக்கு மாற்றப்படும். கவனம் சிதறாமல் இருக்க, இனி ஒவ்வொரு துறைக்கும் வகுப்பு தனித்தனியாக நடக்கும். கணக்கில் உணர்ச்சிக்கு இடமில்லை என்ற குறையும் அவருக்குத் தெரிந்துவிட்டதால், ஒவ்வொரு கணக்குக்குக் கீழேயும் அதைப் போடும்போது மனதில் என்ன தோன்றியது என்று மாணவர்கள் எழுத வேண்டும். அதற்கும் மதிப்பெண் உண்டு.

கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து முதல்முறையாக, பொதுப்பாடம் வேண்டாம் என்பதில் எல்லோரும் நிஜமாகவே ஒரே மனதாக ஆனார்கள். பட்டு உளியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். கும்பகர்ணனுக்குத் தூக்கம் போனதில் கண் சிவந்தே கிடந்தது. கொஞ்ச நாள் கழித்து அவர்களே கூட்டமாக வந்து, மறுபடியும் போய்ப் பேசு என்று கெஞ்சினார்கள். உளியும் போனாள். ஏசியின் குளிரில் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்த முதல்வர், "இந்த வருஷத்துக்குக் கருத்து கேட்டாச்சேம்மா" என்றார்.

கணக்கு வகுப்பு இப்போது சிற்பக் கூடத்தில் கல்தூசிக்கு நடுவில் நடந்தது. எந்த வருஷம் என்ற வித்தியாசம் இல்லாமல் சிற்பத் துறையினர் மட்டும் சேர்ந்து உட்கார்ந்திருந்ததால், யார் முதுகுக்குப் பின்னாலும் ஒளிய வழியில்லை. கணக்கு சார் தும்மிக்கொண்டே உள்ளே வந்தார்.

"உன்னால நான் இங்க. என்னால நீ இங்க. சரி, ஆரம்பிப்போம்" என்றார்.

உளி கணக்கை அரைகுறையாகப் போட்டாள். கீழே எழுத வேண்டிய இடத்தில்தான் வஞ்சனையில்லாமல் எழுதினாள். கணக்கைத் திட்டினாள், அதைக் கண்டுபிடித்தவனைத் திட்டினாள், தொட்டியில் தண்ணீர் நிரம்பும்போதே கீழே திறந்துவிடுகிற மடையனைத் திட்டினாள். கணக்கு சார் படித்துப் படித்துச் சிரித்தார். நேர்மையான மனுஷன், விடைக்குப் பூஜ்யமும் உணர்ச்சிக்கு முழு மதிப்பெண்ணும் போட்டார். ஆண்டு இறுதியில் உளி கணக்கில் தேறிவிட்டாள்.

அதே சமயத்தில் அவருக்கும் மாற்றல் வந்தது. கிளம்புகிற அன்று சிற்பக் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தார். உளி செய்துகொண்டிருந்த சிலைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மறுபடியும் நின்றார்.

"எனக்கு ஒண்ணும் புரியலம்மா" என்றார்.

"எனக்கும் உங்க பாடம் அப்படித்தான் சார்."

"ஆனாலும் பாஸ் பண்ணிட்டியே."

"நீங்களும் நின்னு பாத்தீங்களே சார்" என்றாள் உளி. சொன்ன பிறகு, தன் வாயிலிருந்தா இது வந்தது என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. குனிந்து, சும்மா இருந்த கல்லை ஊதித் துடைத்தாள். கிளம்பிய தூசியில் அவர் இன்னொரு முறை தும்மினார்.